அனந்தலக்ஷ்மி சொன்ன ‘முடியும்’

அனந்தலக்ஷ்மி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஹௌரா ஸ்டேஷனில், கல்யாணமாகிக் கல்கத்தாவில் வந்து இறங்கிய அன்று. தலைநகரம் டெல்லிக்குப் போகிறது என்று ஆபீஸ்காரர்கள் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்த சமயம் அது. எங்களை அழைத்துப்போக என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவும் ஆபீஸ் சிநேகிதருமான மஹாதேவனும் அவர் மனைவி பாகீரதியும் வந்திருந்தார்கள். பவானிபூரில் அவர்கள் குடியிருந்த வீட்டு மாடியில்தான் எங்களுக்கும் இடம் பார்த்திருந்தது.

எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு பாகீரதி, “அனந்தலக்ஷ்மியையும் அழைச்சுண்டு வந்திருக்கலாம். கைக்கு ஒத்தாசையா இருந்திருக்கும்” என்றாள்.

“அவளா? அவளால என்ன முடியும்? அடுப்பைப் பாத்துண்டாப் போறாதா?” என்று சிரித்தார் மஹாதேவன்.

இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அனந்தலக்ஷ்மி மஹாதேவனுக்குக் கூடப் பிறந்த தங்கை. எனக்கும் ஒரு வழியில் உறவுதான். என் மாமியாரின் சித்தப்பா பேத்தி. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்விட்டான். அவள் அப்பா ரயில்வே ஆபீஸில் இருந்தவர். பெண்ணின் தலையில் சவரக் கத்தி படக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று, அவளைத் தன்னோடு கல்கத்தாவுக்கே அழைத்து வந்துவிட்டார். சாப்பாட்டு வேளையில் அவளோடு இங்கிலீஷில்தான் பேசுவாராம். ரசத்தைக்கூட இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். அப்படியே அவளுக்கு அந்தப் பாஷை நாக்கில் ஏறிவிட்டது. அப்பா காலமானதும் அண்ணன் வீட்டு அடுப்படி அவளுக்கு என்று ஆயிற்று. இரண்டு வேளைச் சமையல், அண்ணன் குழந்தைகளின் குளியல், பாகீரதியின் பிரசவம் எல்லாம் அவள் பொறுப்பு. இத்தனையும் செய்கிறவளைப் பார்த்துத்தான் ‘அவளால என்ன முடியும்’ என்ற கேள்வி!

மத்தியானத்தில் மாடிக்கு வந்து எனக்கும் நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லித் தருவாள். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். அவள் கணவர் அலிப்பூர் கோர்ட்டில் பெரிய வக்கீல். அனந்தலக்ஷ்மி இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டுவிட்டு மாஷிமா ஒரு சேதி கொண்டுவந்தாள். டிராம் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டுமாம். வேலையோடு பள்ளி விடுதியில் ஓர் அறையும் உண்டாம். ‘பெரிய தீதி’ என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை ஆசிரியையை நேரில் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

‘ஓர் அறை’ என்று கேட்டபோது அனந்தலக்ஷ்மியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் வீட்டில் அவள் படுத்தது சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில்.

வக்கீல் வீட்டிலிருந்து வந்த பேச்சை மறுக்க மஹாதேவனுக்குத் தைரியம் இல்லை. சரி என்றுவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“இதோ பாரு அனந்தம். பெரிய தீதி ‘கேன் யூ’ன்னு கேப்பா. உடனே ‘ஐ கேன்’னு நெஞ்சை நிமித்திண்டு நிக்காதே. பொம்மனாட்டிக்கு அது அழகில்லை. ‘ஐ மைட்’னு சொல்லு. ‘பெர்ஹாப்ஸ், எ லிட்டில்’னு சொல்லு. நம்மாத்து வளர்ப்பு தெரியணும்.”

“நன்னாத் தெரிஞ்சதை எதுக்கண்ணா ‘ஒருவேளை’ங்கணும்?”

“பாடுன்னா நீ என்ன சொல்லுவே?”

“பாட வராதும்பேன்.”

“அப்புறம்?”

“இன்னொரு தரம் கேப்பா. பாடுவேன்.”

“அதேதான். அவாளும் இன்னொரு தரம் கேப்பா.”

அவள் தலையாட்டினாள். எங்கள் வீடுகளில் அதுதானே வழக்கம்? நன்றாக வருவதை ‘ஏதோ கொஞ்சம்’ என்று சொல்லாத பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

ஆனால் இந்த அடக்கமெல்லாம் ஆபீஸில் அவருக்கு எங்கே போயிற்று என்று கேட்கிறேன். என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “துரை எதைக் கேட்டாலும் ‘கேன் சார், கேன் சார்’தான். பாரசீகத்துல வந்த கடுதாசைப் படிக்க முடியுமான்னார். அதுக்கும் ‘கேன் சார்’. அப்புறம் பாரசீகம் தெரிஞ்ச ஒரு முன்ஷியைத் தேடிண்டு ஊரெல்லாம் ஓடினான்!” தெரியாததைத் தெரியும் என்று சொல்வது ஆணுக்குச் சாமர்த்தியமாம். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வது பெண்ணுக்கு அழகில்லையாம்.

புது இடத்துக்குப் போவது அவளுக்குக் கூச்சமாக இருந்ததால், மஹாதேவனோடு நானும் துணைக்குப் போனேன். பெரிய தீதி ஸ்வர்ணபாலா கெட்டிக்காரி, நேரத்தை வீணாக்கத் தெரியாதவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அனந்தலக்ஷ்மிக்கு வங்காளி கடைத்தெரு மட்டுக்கும்தான். பேச்சு இங்கிலீஷிலேயே நடந்தது.

“கேன் யூ டீச் தி அப்பர் கிளாஸ்?”

அனந்தலக்ஷ்மி ஒரு தரம் அண்ணனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஐ மைட். பெர்ஹாப்ஸ். எ லிட்டில்” என்றாள்.

தீதி இன்னொரு தரம் கேட்கவில்லை. “ஓ” என்றாள். மஹாதேவன் பக்கம் திரும்பி, “ஷீ கேன்னாட், தென்?” என்றாள்.

அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? ‘எங்கள் வழக்கம் இது, அவளுக்கு நன்றாக வரும்’ என்று ஒரு வார்த்தை? மஹாதேவன் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு, “வீட்டில் வளர்ந்த பெண்” என்றார். தீதி நன்றி சொல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

திரும்பி வரும்போது, “நான்தான் சொன்னேனே, அவளால முடியாதுன்னு” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்றால்கூட எனக்கு மனசு ஆறிவிடும். நிஜமாகவே அப்படி நம்பினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு அனந்தலக்ஷ்மி வைத்த சாம்பாரில் உப்பு இல்லை என்று பாகீரதி முணுமுணுத்தாள். சில நாள் கழித்து அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் அனந்தலக்ஷ்மி சொன்னாள்: “நான் திரும்பப் போய் தீதியைப் பாக்கப் போறேன்.”

“ஒரு தரம் மானம் போனது போறாதா? தனியா அவ்வளவு தூரம் போக உன்னால முடியுமா?”

“முடியும்.”

“அங்கே போய் என்ன சொல்லப்போறே?”

“இதையேதான்.”

பாகீரதி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள். அந்த வீட்டில் அனந்தலக்ஷ்மி அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டு பெண்கள் ஆண் துணையில்லாமல் பவானிபூர்த் தெருவில் நடந்தோம். மிட்டாய்க் கடைக்காரன்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

இந்தத் தடவை அவள் உட்காரக்கூட இல்லை. “ஐ கேன் டீச். அன்றைக்கும் முடியும்தான். எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல விடமாட்டார்கள். வேண்டுமானால் இப்போதே வகுப்பைக் கொடுங்கள்” என்று இங்கிலீஷில் படபடவென்று சொன்னாள்.

தீதி அவளை உற்றுப் பார்த்தாள். “அந்த வேலையை நேற்றுதான் வேறொருத்திக்குக் கொடுத்தேன். நீங்கள் சொன்னதை நம்பினேன். நம்பியது என் தப்பா?” என்றாள்.

தப்பில்லைதான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் வாசல் பக்கம் திரும்பினேன். அனந்தலக்ஷ்மி மட்டும் நகரவில்லை. “வேறு எந்த வகுப்பானாலும் என்னால் முடியும்” என்றாள்.

குட்டிக் குழந்தைகளின் வகுப்பு இருந்தது. யாரும் விரும்பாத வகுப்பு, அழுகையும் மூக்குச்சளியும். விடுதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையும் காலியாக இருந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவள் அங்கே போனாள். அண்ணன் வழியனுப்பக்கூட வாசலுக்கு வரவில்லை.

பெரிய வகுப்பு அவளுக்குக் கடைசிவரை வரவே இல்லை. முதலில் சேர்ந்தவருக்கு முதல் உரிமை என்று பள்ளிக்கூடக் கமிட்டியில் ஒரு சட்டம். முந்திக்கொண்டவள் ஓய்வு பெறும்போது இவளுக்கும் தலை நரைத்துவிட்டது. பெரிய பெண்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டியவள், ஓர் ஆளின் போதனையால் ஆயுசு பூராவும் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்தாள். இது அநியாயம் இல்லாமல் வேறு என்ன?

இதையும் கேளுங்கள். மஹாதேவன் ரிடையர் ஆன பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என் தங்கைக்கு நான்தான் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போய் வேலை வாங்கிக் கொடுத்தேன். இல்லேன்னா அவளால முடியுமா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகள் இன்றைக்கும் அதையே சொல்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் காதுபடவே சொன்னார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அனந்தலக்ஷ்மி இப்போது கல்கத்தாவிலேயே டாக்குரியாவில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வீட்டின் முன்னறையில் தனியாக இருக்கிறாள். நான் சொல்வதை நம்பாதவர்கள் அவளையே போய்க் கேட்கலாம்.