கோழிக்கூட்டுக்குள் ஒரு செருப்பு

முல்லைத்தீவில் எங்கள் வீடு இருந்த காணியில் இப்போது பற்றைக்காடுதான் நிற்கிறது. அதனால் பிறந்த ஊருக்கு வந்தும், திருத்தி எடுத்த பழைய கல்வீடு ஒன்றில், காலைச் சாப்பாட்டோடு வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினேன். விடிய எழும்பி விறாந்தைக்கு வந்தால், என் செருப்பு இரண்டும் மணல் தட்டி, வாசல் படலையைப் பார்த்தபடி சோடியாக இருந்தன. வீட்டுக்கார அக்காவின் வேலை. நல்ல மனசுதான். ஆனால் என்னை வெளிக்கிடச் சொன்னது போல இருந்தது எனக்கு.

எங்கள் வீட்டில் வந்தவர்களின் செருப்பு அப்படி இருந்ததே இல்லை. வவுனியாவிலிருந்து வரும் மாமாவுக்கு எப்போதும் முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அம்மா அவருக்கு முன்னமே எழும்பி, ஒரு செருப்பைக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்துவிட்டுப் புட்டு அவிக்கத் தொடங்குவா. மாமா இருக்கிற மர வாங்குக்குக் கீழே பார்ப்பார், கிணற்றடிக்குப் போவார், நாயை ஏசுவார். கோழிக்கூட்டை மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார்.

"முதல்ல சாப்பிடு தம்பி, பிறகு தேடுவம்" என்பா அம்மா. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு பேரும் மத்தியானம் வரை கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அக்காவின் குசினியிலிருந்தும் இப்போது புட்டு வாசம் வந்தது.

"வெள்ளணப் போகவேணும் எண்டனீங்கள், பார்சல் கட்டித் தரட்டோ?" என்று கேட்டபடி அக்கா வந்தா.

நான் ஒரு செருப்பைக் காலால் விறாந்தையில் கிடந்த வாங்குக்குக் கீழே தள்ளினேன்.

"செருப்பு ஒண்டைக் காணேல்லை அக்கா."

அவா குனிந்து பார்த்தா. செருப்பு நன்றாகவே தெரிந்தது.

"அதுக்கென்ன, முதல்ல சாப்பிடுங்கோ. பிறகு தேடுவம்."