அம்மா அளந்த செயின்

பலாபத்வல சைக்கிள் கடையில், தரையில் விரித்த பேப்பரின் மேல் இரண்டு செயின்கள் அருகருகே கிடந்தன. ஒன்று கறுத்துத் தேய்ந்தது. மற்றது எண்ணெய் மினுங்கும் புதுசு, அரைச் சாண் நீளம் கூட. கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் வழக்கில் நானா, வெட்டும் கருவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது உங்கள் அம்மா குனிந்து, புதுச் செயினின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளைகளே, நீங்கள் பிறக்குமுன் நடந்த இதை உங்களுக்காக எழுதி வைக்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

அந்த நாளில் அவள் வீட்டிலிருந்து தையல் தைத்துக்கொண்டிருந்தாள். மேலே தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்கு டீச்சர் வேலை கேட்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஏழு மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். டீச்சர் பிந்தினால் அவர்களும் பிந்துவார்கள், அரை நாள் கூலிதான் கிடைக்கும். முதல் பஸ்ஸோ எட்டு மணிக்குத்தான் மேலே போய்ச் சேரும். என் த்ரீவீல் ஆட்டோவோ ஆறு மணிக்கே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குக் கிளம்பிவிடும். "திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கதவு திறந்திருந்தா வேலை உங்களுக்கு. இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவேன்" என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். "சைக்கிள்ல வந்துருவேன் சார்" என்றாளாம் இவள். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பு. "அந்த ஏத்தத்துல எங்க லொறியே மூச்சு வாங்குதும்மா!"

அவளுடைய கியர் சைக்கிளும் அங்கே திணறத்தான் செய்தது. அதனால்தான் மிதி லேசாகட்டுமென்று பின்சக்கரத்தில் இன்னும் பெரிய பல்சக்கரம் பூட்டினோம், தேய்ந்த செயினையும் மாற்றினோம். பழைய செயினோடு ஒட்டிவைத்துப் புதியதில் மிச்சத்தை வெட்டிவிடுவதுதான் கடை வழக்கம்.

"நானா, கொஞ்சம் பொறுங்க. இது பழைய பல்லுக்குத்தானே அளவு? இப்ப பல்லு பெருத்துப்போச்சே."

"வழமையா இப்புடித்தான் தங்கச்சி வெட்டுறது. எத்தன சைக்கிளுக்கு வெட்டியிருப்பேன்!"

"புள்ளத்தாச்சிக்குக் கல்யாண ரவிக்கை அளவுல வெட்டினா கொக்கி பூட்டுமா நானா?"

நானா கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் குறுக்கே புகுந்து, "அப்ப வெட்டவே வேணாம், நீளமாவே கெடக்கட்டும்" என்றேன்.

"தொளதொளன்னு தொங்கி, ஒங்க சாரம் மாதிரி நடுரோட்டுல அவுந்து விழும்ங்க" என்றாள்.

புதுச் செயினை, பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றும் கைக்குள் நுழைக்காமல், முன்னாலுள்ள பெரிய பல்லையும் பின்னாலுள்ள பெரிய பல்லையும் சுற்றி இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு முனையும் சந்தித்த இடத்தைத் தொட்டு, "இதுக்கு மேல கொஞ்சம் மூச்சு விட எடம் வேணும்" என்றாள். நானாவுக்கும் இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப ரெண்டு கண்ணி கூட விடுவோம் புள்ள. ஒண்ணு மட்டும் விட்டா ரெண்டு முனையும் ஒரே மாதிரிக் கண்ணியா வந்து சேராது." அப்படியே வெட்டிப் பூட்டினார். சின்னப் பல்லுக்கு மாற்றியும் சுற்றிப் பார்த்தார்கள். செயின் தொங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தாள். நான் த்ரீவீலில் பின்னால் போனேன். சமதரையில் வேகமாக வந்தவள், ஏற்றம் தொடங்கிய அவசரத்தில் முன் பல்சக்கரத்தைச் சின்னதுக்கு மாற்ற மறந்து, பின்னால் மட்டும் பெரிய பல்லுக்குத் தள்ளிவிட்டாள். செயின் விறைத்தது. கியர் கை முன்பக்கம் இழுபட்டு நீண்டது. பழைய அளவில் வெட்டியிருந்தால் அந்தக் கை அங்கேயே ஒடிந்திருக்கும், வேலையும் அதோடு போயிருக்கும். ஒடியவில்லை. இரண்டு கண்ணி இடம் கொடுத்தது, சக்கரம் சுற்றியது. அவள் முன் பல்சக்கரத்தை மாற்றிக்கொண்டு, இறங்காமலே உச்சிவரை மிதித்தாள். கடைசி வளைவில் திணறியது என் த்ரீவீல்தான்.

திங்கட்கிழமை காலை நான் மாத்தளையில் இருந்தேன். கணக்கப்பிள்ளைதான் பிறகு என்னிடம் சொன்னார்: "ஏழு மணிக்குப் போய் எட்டிப் பாக்குறேன், உள்ளே புள்ளைங்க பாடிக்கிட்டிருக்குதுங்க!"

இன்று அவளிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் அதே முன்பள்ளிக்கு வருகிறார்கள். எப்போதாவது சவாரி ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் தொழிலாளர் லயத்து வாசலில் யாராவது கை காட்டி நிறுத்துவார்கள். என் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. "டீச்சர் வீட்டுக்காரரே!" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இதுவரை யாரிடமும் என் பெயரைச் சொன்னதில்லை.