காற்றின் மேல் போட்ட பழி

ஒரு குடும்பத்தின் நெல் நனைந்து முளைவிட்டதற்கு நான்தான் காரணம். பழியை அந்த வீட்டுப் பெண் சுமந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை. அடுத்தவர் வேலையில் குறை தேடியே அலுத்துப்போனவன். ஓய்வுக்குப் பின் ஏரிக்கரையில் தூண்டில் போடுவதைத் தவிர எதிலும் மனம் ஒட்டவில்லை.

அந்தப் புரட்டாசி மாலை காற்று பலமாக அடித்தது. தக்கை ஆடுவது மீனாலா, காற்றாலா என்று தெரியவில்லை. கரைக்குக் கீழே, சாலையோரம், நெல்லைக் குவித்து இரண்டு தார்ப்பாய் போட்டு மூடி, மூலைக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை. ஒரு மணி நேரம்தானே என்று ஒன்றை உருவி, இரண்டு கழிகளில் கட்டி, அதன் மறைவில் உட்கார்ந்தேன். மீன் நன்றாகவே கடித்தது.

மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு இறங்குவதற்குள் குவியல் ஊறிவிட்டது. அப்போதாவது மூடியிருக்கலாம். காற்று தூக்கிப் போனதாகத் தெரியட்டும் என்று அதை முட்புதரில் வீசிவிட்டு, புளியமரத்தடியில் போய் ஒதுங்கினேன்.

மழை விட்டதும் வந்தால், நெல்லுக்குரிய பெண்ணிடம் அவர் கணவர் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு கல்லு ஒழுங்கா வெக்கத் துப்பில்ல!"

"வெச்சன்யா. நாலு மூலைக்கும் வெச்சன்."

"காத்து அப்படி அடிச்சுதுப்பா, அவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றேன் நான். இரண்டு ஜிலேபி மீனையும் கொடுத்தேன்.

மூன்று வருடம் கழித்து, புதுத் தார்ப்பாய் ஒன்றுடன் போய் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். கணவர் தரையைப் பார்த்தார். "வுடு சார், நடந்தது நடந்துபோச்சு."

"நீ வுடுவ," என்றார் அந்த அம்மாள். "துப்பு கெட்டவள்னு ஊரு பூரா பேர் வாங்கனது நானு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த மீன வேற ஆக்கித் துன்னோமே சார். இந்தப் பாயி எனக்கு வேணாம். டீக்கடையில போய்ச் சொல்லு."

சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் போனால், "காத்து வருதுடா, தார்ப்பாயப் புடி!" என்கிறார்கள். அது எனக்குத் தகும்.

புதுத் தார்ப்பாய் பிரிக்காமல் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இந்த அறுவடையிலும் அந்த அம்மாளின் நெல்லைப் பார்த்தேன். அதே பழைய தார்ப்பாய். மூலைக்கு ஒன்றல்ல, சுற்றிலும் கல்.