கீழ்வீட்டுப் பத்திரம்

சித்தி சுவரில் ஆணி அடிக்கவே மாட்டாள். காலண்டர், கண்ணாடி, நான் அவளிடம் வளர்ந்த காலத்தில் என் பள்ளிப் பை எல்லாம் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். வீட்டுவசதி வாரியத்தின் சுவர், நாளைக்குக் கேள்வி கேட்பார்கள் என்பாள். பத்தொன்பது வருடம் இப்படியே போனது.

பிறகு ஒருநாள், இதுவரை கட்டிய வாடகையை விலையில் கழித்துக்கொண்டு வீடுகளைக் குடியிருப்பவர்கள் பெயருக்கே எழுதித்தர வாரியம் முடிவு செய்தது. இருபத்து நான்கு வீடும் சேர்ந்து விண்ணப்பித்தால் பத்திரச் செலவில் பாதியை வாரியமே ஏற்கும். ஒரு வீடு குறைந்தாலும் முழுச் செலவும் அவரவர் தலையில். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் துணி தேய்க்கும் சித்திக்குப் பாதியே மலைப்பாக இருந்தது. அதற்காக எல்லா வீட்டாரையும் சேர்த்துச் சீட்டுப் பிடித்தாள். இருபத்து நான்கு மாதத்தில் எல்லா வீட்டுக்கும் பணம் தேறிவிட்டது.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் படிவங்கள் என்னிடம் வந்தன. ஒதுக்கீட்டுப் பட்டியலை வைத்து ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தேன். முழங்கால் வலி, பிரசவம், அண்டைவீட்டுச் சண்டை என்று எட்டு வீட்டார் தங்களுக்குள் வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, துண்டுக் காகிதம்கூட இல்லை. சித்தியின் கீழ்வீடு, காகிதத்தில் மூன்றாம் மாடி எலெக்ட்ரீஷியனுடையது. அவள் கால் முறிந்த வருடம், அவளுடைய மேல்வீட்டை எடுத்துக்கொண்டு அவர் மாற்றிக் கொடுத்தது. அவர் இப்போது இல்லை. மேலே இருப்பது அவர் மகன், பஸ் கண்டக்டர்.

இரு தரப்பும் கையெழுத்திட்டால் மாற்றத்தை ஏற்பதாக வாரிய அலுவலர் சொன்னார். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். கண்டக்டரிடம் படிவத்தை நீட்டியபோது, கீழ்வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்பதை நான் சொல்லவில்லை. இவ்வளவு படித்தது இப்படி வாயை மூடிக்கொள்ளத்தானா என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன். சித்தி சொல்லிவிட்டாள்.

“கீழ்வீட்டுக்கு விலை ஜாஸ்திடா. தெரிஞ்சுக்கிட்டுப் போடு. வேணும்னா நான் மேல போயிடறேன்.”

அவன் அவள் காலைப் பார்த்தான்.

“நீங்க மூணு மாடி ஏறி வர்றதுக்குள்ள பத்திரமே பழசாயிடும் அத்தை. பேனாவைக் குடுங்க.”

வித்தியாசத் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுவதாகச் சித்தி சொன்னாள். பணமெல்லாம் வேண்டாம், தேவைப்படும்போது ஏதாவது கேட்பேன், மறுக்கக் கூடாது என்றான். தலையாட்டினாள்.

பத்திரம் வந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் வாசலைக் கடக்கும்போதெல்லாம், “என்னடா, கேக்கவே மாட்டியா?” என்கிறாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவன் போய்விடுகிறான்.