பனிநாச்சியும் ஐஸ்கிரீம் பெட்டியும்

வினோஜா பனி கொட்டும் வெஸ்ட்லி நகரில் இருக்கிறாள். பகலில் பஸ் ஓட்டுகிறாள். மிச்ச நேரத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிறாள். எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் ‘நுங்கு’ என்ற சிறுவர் சித்திரக்கதை இதழில் ஒன்பது வருடமாகப் பறந்த பனிநாச்சி என்ற வீராங்கனை அவள் கீறிப் பெற்ற பிள்ளை. வெள்ளைச் சால்வை, முகமூடி. அவளுக்கும் வேலை என்னவோ பஸ் சாரதிதான். அந்த இதழுக்கு எழுத்துப்பிழை பார்ப்பவன் நான்.

சங்கம் முன்னொருநாள் இரண்டாக உடைந்தது. ஏன் என்று கேட்டால் இரு பக்கமும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள், ஒன்றும் விளங்காது. பிரிந்தவர்கள் ‘பம்பரம்’ என்று போட்டி இதழ் தொடங்கினார்கள். அதில் மஞ்சள் மழைச்சட்டை போட்ட இடிநங்கை என்ற வீராங்கனையை வரைபவள் மயூரா. அவளும் வினோஜாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படம் கீறியவர்கள். சங்கம் உடைந்தால் அவர்களும் உடைய வேண்டுமா?

அமெரிக்காவில் போட்டிச் சித்திரக்கதைக் கம்பனிகளின் ஓவியர்கள் முதலாளிகளைக் கேட்காமலே தங்கள் வீரர்களைச் சந்திக்க வைத்த கதை இருவருக்கும் தெரியும். இவர்களும் செய்தார்கள். தை மாத ‘நுங்கு’வில் பனிநாச்சியின் பஸ் பனியில் புதைந்தது. மஞ்சள் மழைச்சட்டைக்காரி ஒருத்தி அதைத் தள்ளிவிட்டு, ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனாள். அதே மாதப் ‘பம்பர’த்தில் இடிநங்கை கையுறையெல்லாம் பனியாக வீட்டுக்கு வந்து, “ஒரு பஸ்ஸைத் தள்ளினனான்” என்றாள். இரண்டு இதழையும் ஒளித்து மாற்றி வாசிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் விஷயம் விளங்கியது.

பிழை எங்கே நடந்தது என்றால், வினோஜா எதையும் பார்த்துத்தான் வரைவாள். மயூரா கணவாய்க் கறி போட்டுக் கொடுத்த ஐஸ்கிரீம் பெட்டி குசினியில் இருந்தது. கதையில் வரும் சாப்பாட்டுப் பெட்டியாக அதை அப்படியே வரைந்தாள். பெட்டி திரும்பி வரவேண்டுமென்று எங்கள் வீடுகளில் மூடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவோமே, அதையும் வரைந்துவிட்டாள்: ‘மயூரா’. நான் வசனங்களைப் பார்த்தேன், மூடியைப் பார்க்கவில்லை.

சங்கத் தலைவர் குலேந்திரன் பார்த்துவிட்டார். கூட்டம் கூடியது.

“ஆடு பகை, குட்டி உறவோ பிள்ளை? அடுத்த இதழிலை மன்னிப்புப் போடும். பனிநாச்சி அந்த இடிநங்கையை அடிச்சு விழுத்த வேணும். இல்லாட்டி சங்கத்தை விட்டு வெளிக்கிடும். பனிநாச்சி சங்கத்தின்ரை சொத்து, வேறை ஆக்களை வைச்சுக் கீறுவம்.”

ஒன்பது வருடம்! வினோஜாவின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

“முகமூடியையும் பேரையும் நீங்களே வைச்சிருங்கோ அங்கிள். என்ரை பஸ்ஸைத் தள்ளிவிட்டவளுக்கு நான் அடிக்கமாட்டன்.”

அவள் எழுந்தாள். நானும் பேனையை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

அடுத்த மாதப் ‘பம்பரம்’ எங்கள் சங்கத்து வீடுகளுக்கும் வந்தது. ‘வினோஜா கீறின கடைசிப் பக்கத்தைப் போடாட்டி நானும் எழும்பிப் போவன்’ என்று மயூரா அங்கே சொல்லியிருந்தாளாம். அந்தப் பக்கத்தில் இடிநங்கையின் வீட்டு மணி அடிக்கிறது. வாசலில் முகமூடி இல்லாத ஒரு பஸ் சாரதி. கையில் அதே ஐஸ்கிரீம் பெட்டி. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. உள்ளே நிறையப் பயற்றம் பணியாரம். மூடியில் மயூராவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு டேப். இந்த முறை தெரிந்தே, பெரிய எழுத்தில் வரைந்திருக்கிறாள்: ‘வினோஜா’.