பாத்திக்குள் வராத செருப்பு

சின்னாளபட்டிக்குத் தெற்கே மல்லிகைத் தோட்டங்களில் பூ எடுக்கும் பெண்கள் செருப்பை வரப்பிலேயே கழற்றிவிடுவார்கள். சாமிக்குப் போகிற பூ. அதற்கு மேல் காரணம் யாரும் கேட்டதில்லை. பேச்சாயியும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். விடியுமுன் தொடங்குகிற வேலை. நடுவில் வயிற்றைக் கலக்கினால் வேலியோரம் ஒதுங்க வேண்டும். கக்கூஸ் கிடையாது. பிறகு அதே ஈர மண்ணில் வெறுங்காலோடு வந்து நிற்க வேண்டும்.

பேச்சாயிக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம். ஆபரேஷன் செய்ய உடம்பில் ரத்தம் போதவில்லை என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். குடலில் கொக்கிப்புழு இருந்தது. மலம் கலந்த மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. மாத்திரை தின்றால் புழு போகும், ரத்தம் ஏறும். ஆபரேஷனுக்கு முறை வருவதற்குள் மறுபடி இறங்கிவிடும்.

"செருப்பு போடுறியா இல்லையாக்கா?" என்றாள் நர்ஸ் மகேஸ்வரி.

"போட்டுத்தானே வந்திருக்கேன்."

"தோட்டத்துல?"

பேச்சாயி சிரித்துவிட்டாள். "நீ கோயிலுக்குள்ள செருப்பு போட்டுப் போவியாம்மா?"

"கோயிலுக்குள்ள யாரும் வெளிக்கு இருக்க மாட்டாகக்கா."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு அவளைவிட்டுப் போகவில்லை. மறுநாள் தோட்டத்துச் சொந்தக்காரர் ஆண்டிச்சாமியிடம் கக்கூஸைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் கேட்டாள்.

"கக்கூஸ் கட்டணும்னா நாலு பாத்தி போயிரும். பாப்போம் ஆத்தா. செருப்புத்தானே, போட்டுக்க. நானா வேணாங்கேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் அவர் ஒருநாளும் தடுத்ததில்லை.

பேச்சாயி செருப்போடு பாத்திக்குள் இறங்கினாள். மற்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தியாவது ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசிக்கொண்டே நடந்திருப்பாள். இரண்டு செடி தாண்டினாள். மூன்றாவது செடியில் மொட்டைக் கிள்ளப் போன கை நின்றுவிட்டது. திரும்பி நடந்து, செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வந்தாள். அப்புறம் கை தானாக ஓடியது.

அடுத்த முறை பரிசோதித்தபோது ரத்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது.

"மயக்க ஊசி போடுற டாக்டர் ஒத்துக்க மாட்டாருக்கா," என்றாள் மகேஸ்வரி. குனிந்து பார்த்தாள். "செருப்பு அப்பிடியே புதுசா இருக்கே?"

பேச்சாயி கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "மாத்திரை குடும்மா," என்றாள். "முன்ன குடுத்ததேதான?"