வெள்ளரிப் பூவும் வந்த சம்பந்தமும்

என் கணவர் பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் விவசாயத்தை ஆரம்பித்தார். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அறை காலி என்பது அவர் கட்சி. மகனின் கட்டில், பீரோ, கிரிக்கெட் மட்டை எல்லாம் அங்கேதானே இருக்கின்றன என்பது என் கட்சி. அவர் கட்சிதான் ஜெயித்தது. கட்டில் ஹால் சுவரில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டது.

அறைக்குள் வெள்ளை பிவிசி குழாய்கள் வந்தன. குழாயில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு குட்டி பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் ஒரு செடி. மண்ணே கிடையாது. கீழே தொட்டியில் உரம் கரைத்த தண்ணீர். சின்ன மோட்டார் ஒன்று அதை மேலே ஏற்றும்; அது வேர்களை நனைத்துக்கொண்டு மறுபடி தொட்டியில் வந்து விழும். வெயிலுக்குப் பதில் ஊதா விளக்கு.

அந்த விளக்கைப் பார்த்துத்தான் வீட்டு ஓனர் மாடியேறி வந்தார். இந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் வயல்.

"இன்னா சார், ரூமுக்குள்ள ஊதாவா லைட்டு எரிஞ்சிகினே கீது? தெருவுல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

என் கணவர் கதவைத் திறந்து காட்டினார். ஓனர் ஒரு கூடையைத் தூக்கி, தொங்கும் வெள்ளை வேரைப் பார்த்தார்.

"சேறு?"

"கிடையாது."

"களை?"

"வராது."

"அட்டை, பாம்பு?"

"மாடி ஏறி வரணுமே."

ஓனரின் முகம் வாடிவிட்டது. "அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நான் நிலத்த வித்திருக்கவே மாட்டேனே சார்!" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

செடிகள் நன்றாகவே வந்தன, அதை மறைக்கக் கூடாது. புதினா துவையலாயிற்று. கொத்தமல்லி ரசத்தில் மிதந்தது. சாலட்டில் பச்சையாகப் போடுகிற லெட்யூஸ் கீரையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டில் போட்டேன், கரைந்து காணாமல் போனது. பொரியல் செய்தேன், ஒரு வாணலி இலை ஒரு கரண்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோஸ் முத்தறதுக்குள்ளயே பறிச்சிட்டீங்களாக்கா?" என்று இரக்கத்தோடு கேட்டாள்.

மே மாதம் லெட்யூஸ் கசந்தது. அதற்குச் சூடு ஆகாதாம். எங்கள் படுக்கையறை ஏ.சி.யைக் கழற்றிக் கீரைக்கு மாட்டினார். இன்வெர்ட்டரும் அந்த அறைக்கே போனது. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனபோது நான் ஹாலில் விசிறிக்கொண்டிருக்க, உள்ளே புதினா விளக்கு வெளிச்சத்தில் ஜம்மென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு வெள்ளரி போட்டார். கொடி கூரையைத் தொட்டது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. மூடிய அறைக்குள் தேனீ எங்கே வரும்? அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். தினமும் காலையில் பெயிண்ட் பிரஷ்ஷால் ஆண் பூவைத் தொட்டு, ஒட்டிய மகரந்தத் தூளைப் பெண் பூவில் தடவுவார். காலையில் விரிகிற பூ மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்பதால் அந்த நேரத்தில் அவரை எதற்கும் கூப்பிட முடியாது.

இந்தச் சமயத்தில்தான் மகனுக்கு ஒரு வரன் அமைவதுபோல் வந்தது. பெண்ணும் பையனும் பெங்களூரிலேயே பார்த்துப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா அம்மா, அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மகனும் வந்திருந்தான். கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் சொன்னேன்: "இன்னிக்கு ஒரு நாள் இப்படி ஒரு ரூமே நம்ம வீட்ல இல்ல."

வந்தார்கள். கேசரி கொடுத்தேன். பெண்ணின் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்: "யாராவது குளிக்கிறாங்களா?"

"இல்லீங்க, மோட்டார்."

கொஞ்சம் கழித்து, "இன்னும் ஓடுதே?" என்றார். அவர் பார்வை கதவின் அடியில் கசியும் ஊதா வெளிச்சத்துக்குப் போய், என் முகத்துக்கு வந்து, திரும்பவும் கதவுக்கே போனது.

என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காதோரம் குனிந்து, "பொண்ணு விரிஞ்சிருக்கு, இப்ப விட்டா போச்சு" என்றார். அவர் ரகசியம் பேசினால் ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்கும்.

"எந்தப் பொண்ணு?" என்றார் பெண்ணின் அம்மா.

"வெள்ளரிங்க" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் ரயில்வேயில் ஓய்வு பெற்ற அவர் கணவர், அதுவரை உம்மென்று உட்கார்ந்திருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "வீட்டுக்குள்ளயா சார்? நான் பார்க்கலாமா?" இருவரும் உள்ளே போனார்கள். ஏ.சி. வீணாகும் என்று கதவையும் சாத்திக்கொண்டார்கள்.

நானும் அந்த அம்மாவும் தாம்பரம் மேம்பால நெரிசலைப் பற்றிப் பேசினோம். அஸ்தினாபுரத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். பேச்சு தீர்ந்தது, கேசரியும் தீர்ந்தது. மகன் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன.

"மெதுவா சார், மெதுவா!"

"இதுதான் பொண்ணா?"

"அது பையன். பூவுக்குப் பின்னாடி பிஞ்சு இருக்கு பாருங்க, அதுதான் பொண்ணு."

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய்க் கதவைத் திறந்தார். என் சமையலறை ஸ்டூலின் மேல் அவர் கணவர், ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் ஊதாவாக, கையில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார்.

"இறங்குங்க முதல்ல!"

"இரும்மா, கல்யாணம் நடந்துக்கிட்டிருக்கு."

மகன் சத்தமாகச் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர்கள் கிளம்பும்போது கை நிறைய லெட்யூஸ் கொடுத்தனுப்பினோம். இந்தச் சம்பந்தம் இதோடு சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

நின்றுதான் போனது, ஆனால் நான் நினைத்த காரணத்தால் அல்ல. பெண்ணும் பையனும் தங்களுக்குள் பேசி, நல்ல நண்பர்கள், அதற்கு மேல் தோன்றவில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணை போட்டோவில் பார்த்தே எனக்குப் பிடித்துப் போயிருந்தது. மறுநாள் அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. என் கணவர் ஸ்பீக்கரில் போட்டு, "மன்னிக்கணும் சார், பிள்ளைங்க இப்படி..." என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்க சார். பிஞ்சு நின்னுதா?"

நின்றிருந்தது. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்க அவர் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு பிரஷ்ஷோடு வந்தார். பிறகு அவர் வீட்டு ஹாலிலும் குழாய் ஏறியது. அன்று அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கணவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். எல்லாமே நியாயமான வார்த்தைகள். நானும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். அப்படித்தான் எங்களுக்குள் சிநேகமானது.

போன தை மாதம் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம். குரோம்பேட்டை மண்டபத்தில் அவள் அப்பா தன் புதுச் சம்பந்தியிடம் என் கணவரை அறிமுகப்படுத்த வந்து, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழித்தார். "இவர் வந்து... நமக்கு... சம்பந்தியா..." என்று இழுத்தார். அந்த அம்மா குறுக்கே புகுந்து, "இவரோட கீரை ஃபிரண்டு" என்று முடித்துவைத்தார்.

பந்தியில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். வெள்ளரிப் பச்சடி வந்தது. ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம் சரியில்லை என்று தலையாட்டிவிட்டு இலையோரம் ஒதுக்கினார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டோம்.